தள்ளிப்போன ஆமென்

செம்பாக்கம்
18.6.2024

டெபோராவுக்கு அக்காள் ஞானஜோதி எழுதுவது.

நான் சுகம். நீ சுகமா என்று கேட்க மனமில்லை. ஆனால் கடிதம் என்று எடுத்தால் கேட்டாகவேண்டும் என்று அம்மா பழக்கிவைத்திருக்கிறாள். சுகமா?

ஃபோன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று உன் மகன் மெர்வின் கேட்பான். அவனுக்குச் சொல். அம்மாவைக் குழிக்குள் இறக்கிய இடத்தில் நின்று, இனி உன் குரலை என் காதால் கேட்கமாட்டேன் என்று ஆண்டவர் அறியச் சொன்னவள் நான். 1991, ஐப்பசி மழை. நீ துக்கத்துக்கு மஞ்சள் பூப்போட்ட சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாய். குரலைக் கேட்கமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத்தைப் படிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, கூட்டிப் படித்துக்கொள்.

வில்பிரட் செத்துப்போனான். வெள்ளிப்புறா இசைக்குழுவில் டிரம் அடித்த வில்பிரட்தான். குழுவில் கடைசியாக மிஞ்சியிருந்தவன் அவன். நாம் தாவணி போட்ட காலத்தில் தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் என்று எங்கே மேடை போட்டாலும் ஓடிப்போய் நின்று கேட்ட குழு. உன் புருஷன் லாசரஸ் பாடிய குழு. நீ அவரைக் கட்டிக்கொண்டு நாக்பூருக்கு இழுத்துப்போய்க் கலைத்த குழு. நீ மறந்திருப்பாய் என்று எழுதுகிறேன்.

அடக்கத்தில் ‘அக்கரை வெளிச்சம்’ பாடினோம். மூன்று சரணம் எல்லோரும் பாடுவது, நான்காவது லாசரஸ் தனியாகப் பாடுவது, பிறகு கூட்டம் முழுவதும் ஆமென். இது அந்தக் காலத்து முறை. அம்மாவின் அடக்கத்தில் நான்காவது சரணத்துக்கு எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். அவர் வாயைத் திறக்கவில்லை. “அவர் பாடமாட்டாரு, விடுங்க” என்றாய் நீ. அம்மாவின் பெட்டிக்கு முன்னால்! என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா நின்றோம். நின்றுகொண்டே இருந்து, எல்லோர் வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் ஆமென் வந்தது. யாரும் கை காட்டவில்லை.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. குழுவை நேசித்தவர்களில் யார் போனாலும் மூன்று சரணம் பாடுவோம், நான்காவதுக்கு வாய் மூடி நிற்போம். ஆமென் ஒரே தொண்டையிலிருந்து வருவதுபோல் வரும். எல்லோர் மனதுக்குள்ளும் அவர் பாடிக்கொண்டிருப்பார். அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

வில்பிரட் குழிக்கருகில் நான் ஆமென் சொன்னேன். நான் மட்டும்தான் சொன்னேன்.

மற்றவர்கள் கண்ணை மூடி நின்றார்கள். விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் தலையை உரசுவதுபோல் போனது. ஒருத்தரும் நிமிரவில்லை. இன்னொரு சரணம் பாடும் அளவுக்கு நின்றுவிட்டு, எல்லோரும் சேர்ந்து ஆமென் என்றார்கள். ஒருவர் முந்தவில்லை, ஒருவர் பிந்தவில்லை. என் மருமகள் ஜோவிதா, “அத்த, அவசரப்பட்டுட்டீங்களே” என்று காதில் சொல்கிறாள். நானா அவசரப்பட்டவள்? அந்தப் பாட்டை அங்குலம் அங்குலமாக வைத்திருக்கிறவள் நான்.

கேட்பது ஒன்றே ஒன்று. லாசரஸ் ஐந்தாவது சரணம் என்று ஏதாவது கட்டினாரா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது.

உன்னோடு பிறந்துவிட்ட
ஞானஜோதி


நாக்பூர்
9.7.2024

என் அக்காவுக்கு டெபோராவின் ஸ்தோத்திரம்.

உறைமேல் உன் எழுத்தைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். உன் முழங்கால் எப்படியிருக்கிறது? மெர்வினும் ஜோவிதாவும் ஃபோனில் பேசிக்கொள்வதில் உன் கால்வலி என் காதில் விழும். வேளச்சேரிப் பக்கம் நல்ல எலும்பு டாக்டர் இருக்கிறாராமே, போய்க் காட்டக்கூடாதா? இங்கே மழை வந்தும் வெக்கை அடங்கவில்லை. நான் சுகம்தான். சாப்பாடு குறைத்துவிட்டேன், கஞ்சி போதுமாக இருக்கிறது.

வில்பிரட் அண்ணன் போனது தெரியாது. நம் வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுத் தட்டிலேயே தாளம் போடுவார், அப்பா முறைப்பார். நினைத்தால் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

சேலை மஞ்சள் இல்லை அக்கா. வெளிர்நீலம்.

நீ கேட்டதற்குப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் எனக்காக ஒன்று விசாரித்துச் சொல். நின்றவர்களுக்கு என்ன கேட்டதாம்? ஆண் குரலா, பெண் குரலா?

மழையில் நனையாதே. 
உன் டெபோரா


செம்பாக்கம்
20.7.2024

டெபோராவுக்கு, நான் இருக்கிறேன். நீயும் கஞ்சியைக் குடித்துக்கொண்டு இருப்பாய்.

மஞ்சள்தான்.

நான் உன்னிடம் ஒன்று கேட்டால் நீ என்னிடம் ஒன்று கேட்கிறாய். சின்ன வயசிலிருந்தே உனக்கு இந்தப் புத்தி. இருந்தாலும் விசாரித்தேன். முதலில் மாடம்பாக்கம் சத்யநாராயணன். தாம்பரம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாரே, அவர். நெற்றியில் விபூதியோடு நம்மோடு நின்று ஆமென் சொல்கிற மனுஷன், பொய் பேசமாட்டார். “சார், அன்னைக்குக் கல்லறையில உங்களுக்கு என்ன கேட்டுச்சு?” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“ஏன்மா, உங்களுக்குக் கேக்கலையா?”

“எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. என்ன கேட்டுச்சுன்னு சொல்லுங்க.”

“லாசரஸ் சார் முடிச்சாரு. முடிச்ச கையோட ஒரு லேடீஸ் வாய்ஸ். அதே மெட்டுதான், கொஞ்சம் எறங்கின மாதிரி. நீங்க யாரையோ புதுசா ஏற்பாடு பண்ணியிருக்கீங்கன்னு நெனச்சு நான் கண்ணைத் தொறந்து பாத்தேன். யார் வாயும் அசையலை. மறுபடி மூடிக்கிட்டேன்.”

அதை நம்பாமல் மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே மீன் விற்கிற வெண்ணிலாவைத் தெரியுமா? அவள் அம்மா கோவளத்திலிருந்து கூடையோடு வந்து மேடைக்குக் கீழேயே உட்கார்ந்து பாட்டுக் கேட்பாள், இவள் மடியில் இருப்பாள். அவள் வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டே சொல்கிறாள்: “இன்னாம்மா இப்புடி கேக்குறே? யாரோ ஒரு அக்கா பாடிக்கினு இருந்துச்சே. தொண்ட கட்டின கொரலு. பாதி வார்த்தையில மூச்சு எடுக்குது, அப்பால மீதிய சொல்லுது. எனுக்கு மயிர்க்காலெல்லாம் நின்னுகிச்சு.”

பாதி வார்த்தையில் மூச்சு எடுக்கிறவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அதற்காகவே சபைப் பாடகர் குழுவிலிருந்து அவளை நிறுத்தினார்கள்.

இப்போது எழுது.

ஞானஜோதி


நாக்பூர்
26.8.2024

அன்புள்ள அக்கா, நீயும் உன் மகன் ஸ்டெபினும் ஜோவிதாவும் நலமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். பதில் தாமதமானது. உடம்பு சரியில்லை என்று நினைக்காதே, அலைச்சல்தான்.

ஆமாம். ஐந்தாவது சரணம் இருக்கிறது.

அவர் கடைசியாகப் படுத்திருந்தபோது வாய் கோணிவிட்டது, பேச்சு இல்லை. ஆனால் மூக்கால் ஒரு மெட்டு முனகுவார். ‘அக்கரை வெளிச்ச’த்தின் மெட்டுத்தான். நான்காவது முடிந்த இடத்தில் நிற்காமல் மேலே போகும். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வார்த்தையாகப் போட்டுப் பார்ப்பேன். சரியில்லை என்றால் கண்ணை மூடிக்கொள்வார். சரி என்றால் திறப்பார். அப்படி ஒரு சரணம் ஆனது. ஆனதும் போய்விட்டார்.

அதை நான் யாரிடமும் பாடியதில்லை. சமையலறையில் சாயங்காலம் விளக்குப் போட்டதும் எனக்குள்ளே முணுமுணுப்பேன். இந்த மே மாதத்திலிருந்துதான் வாய்விட்டுப் பாடுகிறேன். ஏன் மே மாதத்திலிருந்து என்று கேட்காதே.

அங்கே எப்படிக் கேட்டது? எனக்குப் பயமாயிருக்கிறது அக்கா. செப்டம்பரில் வெள்ளிப்புறா நாள் வருமே, எல்லோரும் கூடிச் சாப்பிட்டுப் பாடுவீர்களே, அன்று நான் பாடாமல் இருந்து பார்க்கிறேன். அவர்களுக்குக் கேட்கிறதா என்று மட்டும் எழுது.

பனி விழ ஆரம்பிப்பதற்குள் காலைக் காட்டிவிடு. 
டெபோரா


செம்பாக்கம்
10.9.2024

டெபோராவுக்கு, சுகமாயிருக்கிறாயா? நான் தூங்கவில்லை. மற்றபடி சுகம்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளிப்புறா நாள் நடந்தது. ஏரிப்பக்கத்து மண்டபத்தில்தான். இப்போதெல்லாம் ஒரு பந்திக்குத்தான் ஆள் வருகிறார்கள். மூன்று சரணம் பாடினோம். நான்காவதுக்கு நின்றோம். நான் இந்த முறை முந்திக்கொள்ளவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மின்விசிறி சத்தம் கேட்டது. பின்கட்டில் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது. பிறகு அதுவும் நின்றது. கழுவிக்கொண்டிருந்த பெண் ஈரக்கையோடு கதவில் வந்து நின்று கண்ணை மூடினாள். அவளுக்கு என்ன வயசு இருக்கும்? வெள்ளிப்புறா என்றால் என்னவென்றே தெரியாதவள். அவளுக்குக்கூடக் கேட்கிறது.

எனக்குக் கேட்கவில்லை, டெபோரா. கல்யாண வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பதுபோல் நின்றேன். உள்ளே எல்லோர் முகத்திலும் வெளிச்சம். சத்யநாராயணன் சார் உதடு துடிக்கிறது. வெண்ணிலா கன்னத்தில் தண்ணீர். பிறகு ஆமென். நான் அவர்களோடு சேர்ந்து வாயை மட்டும் அசைத்தேன். ஞானஜோதி அவர்களைப் பார்த்து வாயசைத்தாள்!

வெண்ணிலா கண்டுபிடித்துவிட்டாள். அவளிடம் ஒன்றும் மறைக்க முடியாது. “உனுக்கு மட்டும் ஏன்மா கேக்கல? எல்லாத்தையும் மனசுல பூட்டி வச்சிக்கினு கீறது நீதானே?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டாள். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. குழுவின் பேரை இத்தனை வருஷம் காத்தவள் யார்? யார் யார் எந்த மேடையில் என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்பதுவரை வைத்திருப்பவள் யார்? எனக்கில்லாத சரணம் பாத்திரம் கழுவுகிறவளுக்கா?

அன்று நீ பாடவில்லையென்பது மெய்தானா? பொய் சொன்னால் தெரிந்துகொள்வேன்.

ஞானஜோதி


நாக்பூர்
14.10.2024

அன்புள்ள அக்கா, உனக்குத் தூக்கம் வரவேண்டும் என்று கர்த்தரிடம் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

மெய்தான். அன்று நான் வாயே திறக்கமுடியாத இடத்தில் இருந்தேன். ஆஸ்பத்திரியில்தான். ஒரு பரிசோதனை, அவ்வளவுதான்.

உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும். அவர் யாரிடமும் சொல்லாதே என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டது. இத்தனை வருஷம் நீ என்னை ஏசியபோதெல்லாம் அதை விழுங்கிக்கொண்டேன். இனி வைத்துக்கொள்ள நேரமில்லை.

மாடம்பாக்கம் பொங்கல் விழா மேடை நினைவிருக்கும் உனக்கு. 1981. நீ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாய், நான் மேடை ஓரத்தில் நின்றிருந்தேன். நான்காவது சரணம் வந்தபோது அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பனி. சத்தமே வரவில்லை. மைக்குக்கு முன்னால் வெறும் வாயை அசைத்துக்கொண்டு நின்றாராம். இதோ விசில் அடிக்கப்போகிறார்கள், கல் விழப்போகிறது என்று நடுங்கினாராம். யாரும் விசில் அடிக்கவில்லை. கூட்டம் முழுவதும் அழுதது. சரியான இடத்தில் ஆமென் சொன்னது. மேடைக்குப் பின்னால் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, இன்னைக்கு மாதிரி என்னைக்கும் பாடலண்ணே என்றார்கள். அவர் வில்பிரட் அண்ணனைத் தனியே கூப்பிட்டு, “நான் பாடினேனாடா?” என்று கேட்டிருக்கிறார். “என்னடா கேள்வி, கொன்னுட்டியே!” என்றாராம் அவர்.

அதற்குப் பிறகு அவரால் பாட முடியவில்லை. “நான் இல்லாமலே அவங்களுக்குக் கேக்குது. அப்போ இத்தனை நாளும் பாடினது யாரு?” என்பார். நாக்பூருக்கு மாற்றல் கேட்டு வாங்கியது அவர்தான். நான் இழுத்துக்கொண்டு போகவில்லை.

நானும் இதை நம்பவில்லை அக்கா. மேடை ஓரத்தில் நின்ற எனக்கும் அன்று நன்றாகக் கேட்டதே. அம்மாவின் அடக்கத்தில்தான் நம்பினேன். அவர் வாய் மூடியிருந்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் குரல் எனக்குக் கேட்டது. பக்கத்தில் அவர் என் முந்தானையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதனால்தான் விடுங்க என்றேன்.

உன் டெபோரா


செம்பாக்கம்
2.11.2024

டெபோராவுக்கு.

பொய்.

மாடம்பாக்கத்தில் நான் கேட்டேன். மூன்றாம் வரிசை, இடது ஓரம், பக்கத்தில் கரும்பு தின்றுகொண்டிருந்த ஒரு கிழவி. நான்காவது சரணத்தில் இரண்டாம் அடியை அவர் எப்போதும் இழுப்பார், அன்று இழுக்காமல் விட்டார், அதற்குத்தான் அழுதேன். அதைவிட நன்றாக அவர் பாடியதில்லை. என் ஆயுசில் நான் கேட்ட பாட்டு என்றால் அது ஒன்றுதான். அதை நீ என்னிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறாய். மனுஷனைப் பிடுங்கினாய், போதாது?

நீ சொல்வது உண்மையானால் என் தலைக்குள் இருப்பது யாருடைய குரல்?

இனி எழுதாதே.

ஞானஜோதி


நாக்பூர்
6.1.2025

மதிப்பிற்குரிய பெரியம்மாவுக்கு மெர்வின் வணக்கம் சொல்லி எழுதுகிறேன். எனக்குத் தமிழ் எழுத வராது, பிழை இருந்தால் மன்னிக்கவும். நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது.

அம்மாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். போன மே மாதம் கண்டுபிடித்தார்கள். ரேடியேஷன் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள், நோய் கேட்கவில்லை. இந்த மாதம் இருபதாம் தேதி ஆபரேஷன். குரல்வளையை முழுவதும் எடுத்துவிடுவார்கள். உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு அம்மாவால் பேசமுடியாது. எப்போதும் முடியாது.

நீங்கள் அம்மா குரலைக் கேட்பதில்லை என்று சத்தியம் செய்தது எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து தெரியும். பெரியம்மா, இருபதாம் தேதிக்குப் பிறகு நீங்கள் நினைத்தாலும் கேட்கமுடியாது. ஒரே ஒரு தடவை ஃபோன் செய்வீர்களா? அம்மா தினமும் சாயங்காலம் அந்தப் பாட்டைப் பாடுகிறார்கள். இப்போது பாதிதான் வருகிறது.

உங்கள் மகன் 
மெர்வின்


செம்பாக்கம்
17.1.2025

தங்கை டெபோராவுக்கு. நீ எப்படியிருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் கேட்கவில்லை.

இது உன் கைக்கு வரும்போது ஆபரேஷன் முடிந்திருக்கும். இருந்தாலும் நேற்று ஃபோனில் நடந்ததை எழுதிவைக்கிறேன். நீ பிற்பாடு மாற்றிச் சொல்லிவிடுவாய்.

ஜோவிதாதான் போட்டுக் கொடுத்தாள். மெர்வின் எடுத்து, “பெரியம்மா, இதோ அம்மாகிட்ட தர்றேன்” என்றான். பிறகு உன் மூச்சு வந்தது. விசில்போல் ஒரு மூச்சு. நீ பேசுவாய் என்று காத்திருந்தேன்.

“பேசுங்க அத்த” என்றாள் ஜோவிதா. அங்கே உன் மகன், “பேசும்மா, பேசு” என்கிறான். உங்கள் வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. எங்கள் தெருவில் பால்காரன் மணி அடித்தான். நீ மூச்சு விட்டாய். நானும் விட்டேன். ஜோவிதா அழுதுவிட்டாள். “ரெண்டு பேரும் என்ன ஜென்மம்!” என்று கத்தினாள். அப்புறம் ஃபோன் கட்டாகிவிட்டது. நீ வைத்தாயா, நான் கை தவறி அழுத்திவிட்டேனா, தெரியவில்லை.

இளையவள்தானே முதலில் பேசவேண்டும்?

உனக்காக சபையில் ஜெபத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 
ஞானஜோதி


நாக்பூர்
24.2.2025

அன்புள்ள அக்கா, உயிரோடு இருக்கிறேன். உன் ஜெபம் வீண்போகவில்லை.

கழுத்தில் ஒரு ஓட்டை. அதன் வழியாக மூச்சு. வேண்டியதை ஸ்லேட்டில் எழுதிக் காட்டுகிறேன். பேரன் அதில் என் எழுத்துக்கு மார்க் போடுகிறான்.

அன்று நான் பேசியிருப்பேன். வாய்வரை வந்துவிட்டது. நீ ‘பேசு’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சரணத்தை முழுவதும் பாடிவிட்டிருப்பேன், அதற்காகத்தான் காலையிலிருந்து பேசாமல் தொண்டையைச் சேர்த்துவைத்திருந்தேன். நீ சொல்லவில்லை. நீ கேட்காமல் நான் வாயைத் திறந்தால் உன் சத்தியத்தை நான் உடைத்தது ஆகிவிடும். அம்மாவின் பெட்டிக்கு முன்னால் ஒரு தடவை உன்னை மீறிப் பேசியது போதும் என்று இருந்துவிட்டேன்.

சாயங்காலம் விளக்குப் போட்டதும் இப்போதும் வாயை அசைக்கிறேன். எனக்கே கேட்கவில்லை. இங்கே இல்லை அக்கா அது. எங்கேயோ போய்விட்டது.

காலுக்குத் தைலம் மட்டும் தேய்த்துக்கொண்டு இருக்காதே. 
டெபோரா


செம்பாக்கம்
20.3.2025

என் தங்கை டெபோராவுக்கு, சுகமா? இது கடிதத்துக்காகக் கேட்பது இல்லை. மெய்யாகவே கேட்கிறேன்.

சத்யநாராயணன் சார் திங்கட்கிழமை தவறிப்போனார். மாடம்பாக்கத்தில், கோயில் தெருவுக்கு அடுத்த தெரு. பிள்ளைகள் நல்லவர்கள், பாடை தூக்குமுன் எங்களை வாசலில் நின்று பாட விட்டார்கள். “அப்பா சொல்லிவெச்சிருக்காரும்மா, நீங்க முடிச்சப்புறம்தான் எடுக்கணும்னு” என்றான் பெரியவன்.

மூன்று சரணம் பாடினோம். நான்காவதுக்கு நின்றோம். எனக்கு லாசரஸ் வந்தார், இரண்டாம் அடியை இழுக்காமல் விட்டார், முடித்தார். எல்லோரும் ஆமென் என்றார்கள். பழைய இடத்தில். சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். “இன்னா, அவ்ளோதானா? அந்த அக்கா எங்க?” என்று வெண்ணிலா கேட்டது காதில் விழுந்தது.

நான் ஆமென் சொல்லவில்லை. சொல்லமுடியவில்லை. ஏனென்றால் அப்போதுதான் ஆரம்பித்தது.

முதலில் மூச்சு. பிறகு குரல். நான் வைத்திருப்பது உன் முப்பத்தேழு வயசுக் குரலைத்தான், அதற்குப் பிறகு நான் வாங்கிக்கொள்ளவில்லை. இது அது இல்லை. கிழவியின் குரல். கரகரத்து, மேலே போகும்போது நடுங்குகிற குரல். நான் பிறந்ததிலிருந்து ஒருநாளும் கேட்டிராத குரல். என் ஞாபகத்தில் இல்லாததை நான் எப்படிக் கேட்பேன்? ஆனாலும் அது நீதான். யாரும் சொல்லவேண்டியதில்லை.

மாடம்பாக்கத்தைப் பற்றி நீ எழுதியதற்கு நான் பொய் என்றேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். மெய் என்றும் சொல்லமாட்டேன்.

பாடையைத் தூக்கிவிட்டார்கள். “தள்ளுங்கம்மா, தள்ளுங்க” என்கிறார்கள். ஜோவிதா கையைப் பிடித்து இழுக்கிறாள். நான் நகரவில்லை. மரத்தைச் சுற்றிப்போவதுபோல் என்னைச் சுற்றிக்கொண்டு சத்யநாராயணன் சாரைக் கொண்டுபோனார்கள். சங்கு ஊதினார்கள், பறை அடித்தார்கள், அதற்கெல்லாம் மேலே நீ பாடிக்கொண்டிருந்தாய். மூன்றாம் அடியில் ‘அக்கா’ என்று ஒரு சொல் வருகிறது. அதை லாசரஸ் கட்டியிருக்கமாட்டார். கண்ணைத் திறந்து சரி என்று மட்டும் சொல்லியிருப்பார்.

முடிந்ததும் காலித் தெருவில் நின்று ஆமென் சொன்னேன். தெருவில் கோலத்தை மிதித்துக்கொண்டு நின்ற ஒரு மாடுதான் திரும்பிப் பார்த்தது.

சத்தியம் என்னாகும் என்று நீ கேட்பாய். ‘என் காதால்’ என்றுதான் சொன்னேன், இது காதால் கேட்டது இல்லை என்று ஆண்டவரிடம் நான் வாதாடிக்கொள்கிறேன். அது என் பாடு.

நீ இங்கே வந்துவிடு. மெர்வின் கூட்டிவந்து தாம்பரத்தில் இறக்கிவிடட்டும், ஸ்டெபின் ஆட்டோ வைத்துக்கொண்டு நிற்பான். முன் அறையில் காற்று வரும். உன் கஞ்சியை ஜோவிதா வடித்துக் கொடுப்பாள், உப்புக் குறைவாகத்தான் போடுவாள், நீ ஸ்லேட்டில் திட்டிக்கொள். பேசு என்று உன்னை யாரும் கேட்கமாட்டார்கள்.

ஒன்றே ஒன்று செய்யவேண்டும். எனக்கு முடிகிற நாளில் இவர்கள் வருவார்கள், மூன்று சரணம் பாடுவார்கள், நிற்பார்கள். பழைய இடத்தில் ஆமென் சொல்லிவிட்டு மண் போட்டுக் கை கழுவப் போய்விடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அவர்களுக்கு அவ்வளவுதான் கேட்கும். நீ மட்டும் போகாதே. யார் இழுத்தாலும் போகாதே. நான் பாடி முடிக்கும்வரை நில்.

உன் அக்காள் 
ஞானஜோதி